அக்கா ஒதுக்கிய சொட்டு மருந்து

என் அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குடித்து நான் கண்டதில்லை. தன் வீடு, பிறத்தியார் வீடு என்ற வித்தியாசமெல்லாம் அவளுக்குக் கிடையாது. எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி கொடுத்த தண்ணீரை ஜன்னல் பக்கம் தூக்கி, மெல்லச் சுழற்றி, ஐந்து நொடி உற்றுப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்று சொல்லிக் குடித்தாள். அந்தப் 'பரவாயில்ல'வை என் மனைவி இன்றைக்கும் மறக்கவில்லை. எங்களுக்குள் சண்டை வந்தால் எந்த விஷயத்தில் ஆரம்பித்தாலும் அந்த டம்ளரில்தான் வந்து நிற்கும்.

அக்காவைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவள் பிழைப்பே அதுதான். ஊசிமருந்து செய்யும் தொழிற்சாலையில், நிரப்பி மூடிய புட்டிகளைக் கண்ணால் பார்த்துத் தேர்வு செய்கிற வேலை. மூன்று பக்கமும் தட்டி வைத்து அடைத்த ஒரு மேசை. தலைக்கு மேல் வெள்ளை விளக்கு. எதிரே பாதி கறுப்புப் பலகை, பாதி வெள்ளைப் பலகை. புட்டியின் கழுத்தைப் பிடித்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். கறுப்புக்கு முன்னால் ஐந்து நொடி, வெள்ளைக்கு முன்னால் ஐந்து நொடி. கறுப்பில் வெள்ளை நார் இருந்தால் தெரியும், வெள்ளையில் கறுப்புத் துகள் இருந்தால் தெரியும். தெளிந்த புட்டி வலப்பக்கம் போகும். துகளோ கலங்கலோ கண்ணில் பட்டால் இடப்பக்கத்துச் சிவப்புத் தட்டுக்குப் போகும். சிவப்புத் தட்டுக்குப் போனது மறுபடி வலப்பக்கம் வராது.

இந்த வேலையைப் பதினெட்டு வருஷமாகச் செய்கிறாள். அந்தப் பத்து நொடியும் இமைக்க மாட்டாள். இமைக்கிற நேரத்தில் ஒரு துகள் தப்பித்துப் போய்விடும் என்று அவளுக்குச் சந்தேகம். ஓய்வு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். தொழிற்சாலையில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயரை அவள் பட்டமாக எடுத்துக்கொண்டாள். "ஏதோ ஒரு குழந்தையோட உடம்புக்குள்ள போறதுடா. நான் விட்டா அப்புறம் யாரு பாக்கப் போறா?" என்பாள். இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் குத்தல் இருக்காது.

வேலையில் இருக்கிற பார்வை வீட்டுக்கு வரும்போது இறங்கிவிடுமா என்ன? எந்த மனிதரைப் பார்த்தாலும் கழுத்தைப் பிடித்துச் சுழற்றிப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பாள். பழக்கடைக்காரர் சிரித்தால் அழுகலைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்பாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், என்றைக்காவது சீக்கிரம் வீடு திரும்பினால், "ஏன், என்ன ஆச்சு?" என்று வாசலிலேயே விசாரணை நடக்கும். அவர் பேருந்து ஓட்டுகிறவர். பேச்சுக் குறைவு. பேசினால் குறுக்கு விசாரணை வரும் என்று கண்டுகொண்ட புத்திசாலி.

நான் நாலு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தம்பி மருந்துக்கடைக்காரன் என்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு, ஒரு சந்தேகமும் உண்டு.

போன வருஷம்தான் அவளுக்குக் கண் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், மத்தியானம் எரிச்சல், பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு மங்கல், சாயங்காலம் கண்ணிலிருந்து தண்ணீர். முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டாள், மட்டமான விளக்கை மாற்றிவிட்டார்கள் என்று. அடுத்து குளிர்சாதனத்தை. அதற்கும் அடுத்து பக்கத்து மேசைப் பெண் பூசிக்கொண்டு வரும் வாசனைத் திரவியத்தை. சந்தேகப்படாதது தன் கண் ஒன்றைத்தான். நான்தான் அவளை வற்புறுத்திக் கண் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவள் கண்ணில் மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தைப் பாய்ச்சி, "இமைக்காம நேரா பாருங்க" என்றார். அக்காவுக்குப் போட்டி என்று வந்துவிட்டால் விடுவாளா? முப்பது நொடி கல்லாக உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த முகத்தோடு என்னைத் திரும்பியும் பார்த்தாள்.

"நீங்க முப்பது நொடி இமைக்கல, சரி. உங்க கண்ணீர்ப் படலம் நாலு நொடியிலயே கிழிஞ்சு போச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "பத்து நொடியாவது நிக்கணும்."

அக்காவின் முகம் சுண்டிப் போயிற்று. ஒரு புட்டிக்குப் பத்து நொடி. அவள் கண்ணில் படலம் நிற்பது நாலு நொடி. மீதி ஆறு நொடி அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? அவள் மனதில் இந்தக் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது.

"கண்ணீர்னா வெறும் தண்ணி இல்ல" என்று டாக்டரம்மா விளக்கினார். "அடியில ஒட்டிப் பிடிக்கிற வழவழப்பு, நடுவுல தண்ணி, மேல ரொம்ப மெல்லிசா எண்ணெய். அந்த எண்ணெய் இமை ஓரத்துல இருக்கிற குட்டிக் குட்டிச் சுரப்பியில இருந்து வருது. முழுசா இமைச்சாத்தான் அது வெளிய வந்து பரவும். நீங்க இமைக்காம உக்காந்து உக்காந்து பாதிச் சுரப்பி அடைச்சுக்கிச்சு. மேல எண்ணெய் இல்லாததால தண்ணி ஆவியாப் போயிடுது."

"என் கண்ணுல தண்ணியா கொட்டுது டாக்டர். கொட்டுற கண்ணைப் போய் வறண்டுபோச்சுன்னு சொல்றீங்களே!"

"வறண்டதால எரியுது. எரியுறதால கண்ணு பதறிப்போய்த் தண்ணியைக் கொட்டுது. அந்தத் தண்ணி நிக்காது, கன்னத்துலதான் வழியும்."

அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் கூட்டு சேர்ந்து தன் கண்ணில் மண்ணைத் தூவுகிறோமா என்று கேட்கிற பார்வை அது. எண்ணெய் கலந்த சொட்டு மருந்து தினம் மூன்று வேளை, இமைமேல் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், அடிக்கடி முழு இமைப்பு என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். போட்டதும் சற்று நேரம் மங்கும், குணம் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார்.

அக்காவிடம் இருந்ததோ இரண்டு மாதம். வருஷா வருஷம் அவளுடைய பிரிவுக்குப் பரீட்சை உண்டு. நூறு புட்டிகளில் குறையுள்ள சிலவற்றை ஒளித்து வைப்பார்கள். ஒன்றுவரை விட்டால் மன்னிப்பு. அதற்கு மேல் விட்டால் லேபிள் ஒட்டும் பிரிவு. பதினைந்து நாளில் மறுபரீட்சை ஒன்று தருவார்கள், அதிலும் தோற்றால் லேபிள் பிரிவுதான் நிரந்தரம். லேபிள் பிரிவிலும் அதே சம்பளம்தான், ஆனால் அங்கே யாரும் எதையும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. அக்காவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

முதல் புட்டியை நான் அட்டைப்பெட்டியிலிருந்து நேராக எடுத்துக் கொடுத்தேன். கடை விளக்கில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"கலங்கல்" என்று சொல்லிக் கல்லா மேல் வைத்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அது சிவப்புத் தட்டுக்குப் போயாயிற்று.

"அக்கா, எண்ணெயும் தண்ணியும் சேராது இல்ல? அதனால எண்ணெயைப் பொடிப்பொடியாக்கித் தண்ணியில கலந்திருக்காங்க. அதான் வெள்ளையா இருக்கு. கண்ணுல விழுந்ததும் எண்ணெய் மேல போய்ப் பரவிக்கும். தண்ணி ஆவியாகாது. இது கலங்கலா இருந்தாத்தான் நல்லது."

"கலங்கலா இருந்தாத்தான் நல்லதா? பதினெட்டு வருஷத்துல இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்ல. உன் கடையில எல்லாமே இப்படித்தானா?"

முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனாள். நிச்சயம் போட மாட்டாள், கழுவு தொட்டியில் ஊற்றிவிட்டுத் தீர்ந்துபோச்சு என்பாள் என்று எனக்குச் சந்தேகம். தினமும் மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு உளவு கேட்டேன். "போடுறா. திட்டிக்கிட்டே போடுறா" என்றார். அவளைப் பார்த்துச் சிரிக்கிற நான் அந்த ஒரு மாதம் அவளைவிட மோசமான சந்தேகப் பிராணியாக இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே வயிற்றுப் பிறப்பு, வேறு எப்படி இருக்கும்?

மூன்றாவது வாரம் அவளே கடைக்கு வந்தாள். "மத்தியானம் வரைக்கும் எரியல" என்றாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மருந்து சட்டென்று கிடைப்பதில்லை என்பதால் ஐந்து புட்டிகள் சேர்த்து வரவழைத்தேன். வெயில் காலம், கடைக்குள் அனல். அக்காவுடையது கெட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் குளிர்பெட்டியில், யார் கையும் படாமல், பின்சுவரை ஒட்டி அடுக்கி வைத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் படிக்கவில்லை. மருந்துக்கடைக்காரன் படிக்கவில்லை.

திறந்து ஒரு மாதமானால் புட்டியைத் தூக்கிப் போட வேண்டும். அந்த நாள் வந்தது. இரண்டாவது புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை எடுத்து இரண்டுக்கும் பின்னால் நிறுத்தினாள். கடையில் நாலு பேர் மருந்துச்சீட்டோடு நின்றார்கள்.

"ரெண்டும் கலங்கல்தான். ஆனா ஒரே கலங்கல் இல்ல" என்றாள். "இதுல கழுத்துக்கிட்ட எண்ணெய் இழை மாதிரி ஓடுது பாரு. அடியில குருணை மாதிரி வேற இருக்கு. இது என்னடா மருந்து? எங்க வாங்கின?"

நான் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது. வரிசையில் நின்ற ஒருவர் தன் கையிலிருந்த புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரெண்டும் ஒண்ணுதான். உன் கண்ணே சரியில்ல. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு என் மருந்தைக் குறை சொல்றியா?" என்றேன். கடைக்கு வெளியே நின்றவருக்கும் கேட்டிருக்கும்.

அக்கா எதிர்த்து ஏதாவது சொல்வாள், கடையே இரண்டாகும் என்று தயாராக நின்றேன். அவள் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு பேர் முன்னால் நான் ஜெயித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. "திட்டாமயே போடுறா" என்றார் மாமா. எரிச்சல் திரும்பி வந்துவிட்டது என்று ஒருமுறை மட்டும் சொன்னாள். வாரக்கணக்காகும் என்று டாக்டரம்மா சொன்னதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். "சரி" என்றாள். என் அக்கா ஒரே வார்த்தையில் சரி என்று சொல்கிறவளா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது குளிர்பெட்டியின் பின்பக்கம் கைவிட்டு வேறு ஏதோ தேடினேன். அக்காவின் புட்டிகளில் ஒன்று கையோடு வர மறுத்தது. பின்சுவரில் பனி கட்டி, அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர்த்து எடுத்து வெளியே வைத்தேன். உருகியதும் விளக்கில் தூக்கிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பொறுமையாகப் பார்த்தேன். கழுத்தோரம் எண்ணெய் இழை. அடியில் குருணை. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்து: உறைய விடக் கூடாது.

உறைந்ததில் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிட்டது. மூன்று வாரமாக என் அக்கா கண்ணில் போட்டுக்கொண்டது மருந்தே இல்லை. அவள் நின்ற இடத்திலேயே ஒரு அட்டையை வைத்துக் கண்டுபிடித்ததை நான் மூன்று வாரம் கழித்துப் பனிக்கட்டியை உடைத்துக் கண்டுபிடித்திருக்கிறேன்.

நியாயமாக அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் ஆயுள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள் என்ற பயம். நல்ல புட்டி ஒன்றை வேறு இடத்திலிருந்து வரவழைத்து, அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "பழசைக் குடுத்துடு, நான் தூக்கிப் போட்டுடறேன்" என்றேன்.

புதிய புட்டியைப் பழக்க தோஷத்தில் ஒரு சுழற்று சுழற்றினாள். "இது முதல் புட்டி மாதிரியே இருக்கே. நடுவுல குடுத்தது வேறயா?"

"எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்று மழுப்பினேன். "உன் கண்ணு கொஞ்சம் தேறியிருக்கு, அதான் வித்தியாசமாத் தெரியுது."

"அப்படியா?" என்றாள். பழைய புட்டியை என் கையில் கொடுத்தாள். ஏன் கேட்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பரீட்சையன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஜன்னலோரம் நின்றிருந்தார். "மூணு விட்டுட்டா" என்றார் அவர்.

"கண்ணு எரிஞ்சுதாக்கா? மங்கலாயிடுச்சா?" நான் பதறிப்போய்க் கேட்டேன்.

"எரியல. ஒரு வாரமாத் தேவலாம்" என்றாள். "மூணையும் பார்த்தேன்டா. ஒண்ணுல நார், ரெண்டுல கலங்கல். நல்லாத் தெரிஞ்சுது. எடுத்துச் சிவப்புத் தட்டுல கூட வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"திருப்பி எடுத்து நல்லதுல வெச்சேன். மேற்பார்வை பாக்குறவங்களே கேட்டாங்க, ஒதுக்கினதை ஏம்மா திருப்பி வெச்சீங்கன்னு. என்னன்னு சொல்றது? என் கண்ணு தானே, அது சொல்றதை எப்படி நம்புறதுன்னு தோணிப்போச்சு. உன் புட்டியிலகூட அப்படித்தானே, இல்லாததெல்லாம் எனக்குத் தெரிஞ்சுது."

பதினெட்டு வருஷத்தில் சிவப்புத் தட்டிலிருந்து அவள் ஒரு புட்டியைத் திருப்பி எடுத்ததில்லை. கண்ணை டாக்டரம்மா பார்த்துக்கொண்டார், மருந்து பார்த்துக்கொண்டது. கெடுத்தது நான். உட்காராமலே, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குளிர்பெட்டி, பனிக்கட்டி, படிக்காத வரி, மாற்றிக் கொடுத்த புட்டி, ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. இழையும் குருணையும் நிஜமாகவே இருந்தன என்றும் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. இரண்டே கேள்வி கேட்டாள்.

"அப்ப ரெண்டு புட்டியும் வேறதானே?"

"வேறதான்க்கா."

"ஒண்ணுதான்னு நீ ரெண்டு தடவை சொன்னே. உனக்குத் தெரியுமா?"

"மொதல் தடவை தெரியாது. ரெண்டாவது தடவை தெரியும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எழுந்து தேநீரைக் கழுவு தொட்டியில் ஊற்றி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "கிளம்புடா. நாளைக்கு லேபிள் பிரிவுக்குச் சீக்கிரம் போகணும்" என்றாள். மாமா என்னோடு வாசல்வரை வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பதினைந்து நாளும் நான் கடையைத் திறந்தேன், மூடினேன், அவ்வளவுதான். யார் எந்த மருந்து கேட்டாலும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். மருந்துக்கடைக்காரனே மருந்தைச் சந்தேகப்படுவதைப் பார்த்து வாடிக்கையாளர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுபரீட்சை முடிந்த அன்று மத்தியானம் தொழிற்சாலைச் சீருடையோடு அக்கா கடைக்குள் வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுகூட விடல" என்றாள். "கறுப்புல இருந்து வெள்ளைக்குப் போறப்போ ஒரு முழு இமைப்பு இமைச்சேன். தெரிஞ்சதை ஒதுக்கினேன். ஒதுக்கினதைத் திரும்பிப் பாக்கல. டாக்டரம்மாகிட்டயும் காட்டிட்டு வரேன். இப்ப ஒம்பது நொடி நிக்குதாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லாவுக்குக் கீழே குனிந்து எதையோ தேடுகிற மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவள் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். புட்டி வந்த உறையில் எதிர்ச்சாரி மருந்துக்கடையின் பெயர் இருந்தது.

"இங்கயே இருக்கேக்கா, நல்ல புட்டி" என்றேன். "குளிர்பெட்டிக்கு வெளியிலதான் வெச்சிருக்கேன். நீயே பார்த்து எடுத்துக்கோ."

"இருக்கட்டும்" என்றாள். மங்கல் தெளிவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணோடேயே கையை நீட்டிக் கல்லா மேலிருந்த என் கையைத் தேடிப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டினாள்.

"உன் மேல கோபமெல்லாம் இல்லடா. சந்தேகம்தான்."